தாய்ப்பால்: நிறுக்கப்பட்டதும் நம்பப்பட்டதும்

தாய்ப்பாலின் பெருமையைக் கூறும் சுவரொட்டிகளிலும் கைப்புத்தகங்களிலும் பலன்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வராது, கரப்பான் வராது, ஆஸ்துமா வராது, பிற்காலத்தில் உடல் பருக்காது, இரத்த அழுத்தம் ஏறாது, அறிவு கூர்மையாகும், தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்புக் குறையும். எல்லாம் ஒரே அளவு எழுத்தில், ஒரே உறுதியுடன் அச்சிடப்பட்டிருக்கும். படிப்பவர், இவை யாவும் ஒரே தராசில் நிறுத்துப் பெற்ற முடிவுகள் என்றே எண்ணுவார். உண்மை அதுவன்று. இவற்றுள் சில நன்றாக நிறுக்கப்பட்டவை. சில அரைகுறையாக நிறுக்கப்பட்டவை. வேறு சிலவற்றையோ, நிறுத்துப் பார்த்தபோது தட்டு அசையவேயில்லை.

இவற்றைப் பிரித்தறிய நமக்குக் கிடைத்துள்ள மிகப் பெரிய சோதனை 1996ஆம் ஆண்டில் பெலாரஸ் நாட்டில் தொடங்கப்பட்டது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கிரேமர் அதன் தலைவர். தாய்ப்பாலை ஆதரித்து எழுதுவோர் இச்சோதனையைத் துணைக்கு அழைக்கின்றனர்; ஐயுறுவோரும் இதையே அழைக்கின்றனர். இரு தரப்பாரும் தமக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்களோ என்ற ஐயம் நமக்கு எழுகிறது. ஆகவே, அதை முழுமையாக எடுத்து வைத்து மதிப்பிட்டுப் பார்ப்போம்.

ஒப்பிடுவதில் உள்ள சங்கடம்

தாய்ப்பால் குடித்த குழந்தைகளையும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளையும் ஒப்பிடுவது எளிது என்று தோன்றலாம். ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பியின் நீளத்தை மாற்றும்போது அதன் விட்டத்தையும் வெப்பநிலையையும் மாறாமல் வைத்துக்கொள்ள நம்மால் முடியும். தாய்மாரிடம் அது நடவாது. மேலை நாடுகளில் நெடுநாள் தாய்ப்பால் கொடுப்பவர்களுள் மிகுதியானோர் படித்தவர்கள், புகைப்பழக்கம் இல்லாதவர்கள், வசதியுள்ளவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் நன்றாகப் படித்தால் அந்தப் புகழ் பாலுக்குச் சேர வேண்டுமா, வீட்டுக்குச் சேர வேண்டுமா?

இந்தக் கேள்வி புதியதன்று. இங்கிலாந்து மருத்துவர் ஜேனட் லேன்-கிளேபன் பெர்லின் நகரக் குழந்தைகளை ஆராய்ந்து 1912இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். தாய்ப்பால் குடித்த குழந்தைகள் கொதிக்கவைத்த பசும்பால் குடித்தவற்றைவிட விரைவாக எடை ஏறியதைக் கண்டார். அத்துடன் அவர் நிற்கவில்லை. இந்த வேறுபாடு பாலால் வந்ததா, குடும்ப நிலையால் வந்ததா என்று கேட்டு, தந்தையரின் கூலி விவரத்தைக் கொண்டு அதையும் சரிபார்த்தார். நூறாண்டுக்கு முந்தைய அந்த நிதானம் பின்னால் வந்த பலரிடம் இல்லை. 1929இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் ஹோஃபர், ஹார்டி ஆகியோர், தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகள் நுண்ணறிவுச் சோதனைகளில் மேம்பட்டிருந்ததாக எழுதினர். அன்றிலிருந்து இக்கருத்து வளர்ந்துகொண்டே வந்தது.

2006இல் டெர், பேட்டி, டியரி ஆகிய மூவர் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியிட்ட கணக்கு இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. 5,475 அமெரிக்கக் குழந்தைகளின் விவரத்தை அவர்கள் எடுத்துக்கொண்டனர். மேலோட்டமாகப் பார்த்தால் தாய்ப்பால் குடித்தவர்களின் நுண்ணறிவு ஈவு சுமார் 4 புள்ளி கூடுதல். அந்தத் தாய்மாரின் நுண்ணறிவும் அளக்கப்பட்டிருந்தது. அதைக் கணக்கில் சேர்த்தவுடன் வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்தது. மற்றக் காரணிகளையும் கழித்தபின் எஞ்சியது 0.52 புள்ளி. அதாவது, இல்லை என்றே கொள்ளத்தக்க அளவு. ஒரே வீட்டில் தாய்ப்பால் குடித்த பிள்ளையையும் குடிக்காத உடன்பிறப்பையும் ஒப்பிட்டபோதும் இதே விடைதான் வந்தது.

உடன்பிறப்புகளை ஒப்பிடும் முறை நேர்த்தியானதே. எனினும் அதிலும் ஓர் ஓட்டை உண்டு. ஒரே தாய் மூத்ததற்குக் கொடுத்து இளையதற்குக் கொடுக்காமல் விட்டதற்குக் காரணம் என்ன? இளையது நோஞ்சானாகப் பிறந்து பால் இழுக்க முடியாமல் போயிருக்கலாம். அவ்வாறாயின் இரு பிள்ளைகளும் தொடக்கத்திலேயே ஒத்தவர்கள் அல்லர்.

சீட்டு விழுந்த மருத்துவமனைகள்

காரணத்தையும் உடன்நிகழ்வையும் பிரிக்க ஒரே நல்ல வழி சீட்டுக் குலுக்குவது. ஆனால் “நீ பால் கொடு, நீ கொடுக்காதே” என்று தாய்மாருக்குச் சீட்டு எழுத எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை. கிரேமர் குழுவினர் இதை அழகாகத் தாண்டினர். தாய்மாருக்குச் சீட்டுப் போடாமல் மருத்துவமனைகளுக்குப் போட்டனர். உலக நலவாழ்வு நிறுவனமும் யூனிசெஃப் நிறுவனமும் வகுத்த முறைப்படி, தாய்ப்பால் கொடுக்க உதவும் பயிற்சி 16 பேறுகால மருத்துவமனைகளின் ஊழியர்களுக்கு அளிக்கப்பட்டது. மற்ற 15 மருத்துவமனைகள் பழைய வழக்கப்படியே நடந்தன. 17,046 தாய்-சேய் இணைகள் சேர்க்கப்பட்டன. முதலில் 34 மருத்துவமனைகள் இருந்தன. தமக்கு விழுந்த சீட்டை ஏற்க மறுத்த இரண்டும், பொய்க் கணக்கு எழுதிய ஒன்றும் நீக்கப்பட்டன. இதை அவர்கள் ஒளிக்காமல் எழுதியிருப்பதே அந்த அறிக்கையின்மீது நமக்கு மதிப்பை உண்டாக்குகிறது.

2001இல் வெளிவந்த முதல் முடிவுகள் தெளிவானவை. மூன்றாம் மாதத்தில் தாய்ப்பாலை மட்டுமே குடித்த குழந்தைகள், பயிற்சி பெற்ற மருத்துவமனைகளைச் சேர்ந்தவர்களில் 100க்கு 43.3, மற்றவற்றில் 6.4. முதல் ஆண்டில் வயிற்று நோய்த்தொற்று கண்ட குழந்தைகள் 13.2 விழுக்காட்டிலிருந்து 9.1 ஆகக் குறைந்தனர். கரப்பான் 6.3இலிருந்து 3.3 ஆயிற்று. மூச்சுக்குழல் தொற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இவற்றை எளிய கணக்காக்கினால், சுமார் 24 குழந்தைகளுக்கு ஒன்று வீதம் வயிற்று நோயிலிருந்து தப்பியிருக்கிறது. இது, தாய்மாரில் பாதிக்கும் மேற்பட்டோர் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளாத நிலையிலேயே கிடைத்த பலன் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதுவரை குறை கூற அதிகம் இல்லை. குழந்தைகள் வளர்ந்தபின் வந்த அறிக்கைகளில்தான் நாம் கண்ணைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

13,889 குழந்தைகளா, 31 அளவீடுகளா?

ஆறரை வயதில் 13,889 குழந்தைகள் மீண்டும் சோதிக்கப்பட்டனர். நுண்ணறிவுச் சோதனையும் அதில் அடக்கம். 2008இல் வெளியான முடிவு உலகெங்கும் தலைப்புச் செய்தியாயிற்று: பயிற்சி பெற்ற மருத்துவமனைகளைச் சேர்ந்த குழந்தைகளின் மொழிசார் நுண்ணறிவு 7.5 புள்ளி கூடுதல். மொத்த நுண்ணறிவு 5.9 புள்ளி கூடுதல். நெடுநாள் தாய்ப்பால் அறிவை வளர்க்கிறது என்பதற்கு இது வலுவான சான்று என்று ஆசிரியர்களே எழுதினர்.

இந்த ‘வலுவான’ என்ற சொல்லோடுதான் நமக்கு வழக்கு. முதலில் பிழை எல்லைகளைப் பாருங்கள். மொழிசார் நுண்ணறிவில் வேறுபாடு 0.8 முதல் 14.3 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். மொத்த நுண்ணறிவுக்கு எல்லை −1.0 முதல் 12.8 வரை, அதாவது வேறுபாடே இல்லை என்பதும் அந்த எல்லைக்குள் அடங்குகிறது. ஒரு மாணவர் ஈர்ப்பு முடுக்கத்தின் மதிப்பை இவ்வளவு அகன்ற பிழையோடு எழுதி வந்தால் ஊசலைத் திரும்ப ஆட்டச் சொல்லுவோம்.

பதினாலாயிரம் குழந்தைகளுக்குச் சற்றுக் குறைவாக அளந்தும் பிழை எல்லை ஏன் இவ்வளவு அகலம்? இங்குதான் விஷயம் இருக்கிறது. சோதனையை நடத்தியவர்கள் அந்தந்த மருத்துவமனையோடு இணைந்த குழந்தை மருத்துவர்கள். ஒரு மருத்துவர் கண்டிப்பாக மதிப்பெண் இடுவார். மற்றொருவர் தாராளமாக இடுவார். அந்தக் கண்டிப்பும் தாராளமும் அவரிடம் வந்த எல்லாக் குழந்தைகளின் மதிப்பெண்ணிலும் ஒரே திசையில் ஏறிவிடும். வெர்னியர் அளவியில் சுழிப்பிழை இருந்தால் நூறு முறை அளந்து சராசரி கண்டாலும் பிழை போகாதல்லவா? ஒழுங்கற்ற பிழைதான் எண்ணிக்கையால் குறையும். முறையான பிழை குறையாது. எனவே, இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தவரை, கையில் இருப்பவை 13,889 சுதந்திரமான அளவீடுகள் அல்ல. ஏறக்குறைய 31 கருவிகள் காட்டிய 31 அளவீடுகள் என்றே சொல்லலாம். ஆசிரியர்கள் இதை அறிந்தே கணக்கிட்டனர். ஆகையால்தான் பிழை எல்லை அவ்வளவு விரிந்தது. கணக்கில் அவர்கள் நேர்மையானவர்கள். முடிவுரையில்தான் சொல் முந்திவிட்டது.

இரண்டாவது குறை இதைவிடக் கனமானது. தம் மருத்துவமனைக்கு எந்தச் சீட்டு விழுந்தது என்பது அந்த மருத்துவர்களுக்குத் தெரியும். தாய்ப்பாலை வளர்க்கப் பயிற்சி பெற்ற மருத்துவர், அதனால் பயன்பெற்றதாகத் தாம் நம்பும் குழந்தையிடம் சொற்பொருள் கேட்கிறார். குழந்தை தயங்கும்போது அவர் ஒரு நொடி கூடுதலாகக் காத்திருந்தால் போதும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மனித இயல்பு அது. மொழிசார் வினாக்களில்தான் இத்தகைய சலுகைக்கு இடம் மிகுதி. வேறுபாடு பெரிதாக வந்ததும் அங்கேதான். கட்டைகளை அடுக்குவது போன்ற செயல்சார் சோதனைகளில் வேறுபாடு 2.9 புள்ளி மட்டுமே. அதுவும் பிழைக்குள் அடங்கியது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பள்ளி ஆசிரியர்களிடம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி மதிப்பீடு கேட்கப்பட்டது. வாசிப்பிலும் எழுத்திலும் பயிற்சிக் கூட்டத்துப் பிள்ளைகளே சற்று மேலாக மதிக்கப்பட்டனர். பயிற்சியோடு தொடர்பில்லாத ஆசிரியர்களின் சொல்லை எளிதில் தள்ள முடியாது.

இந்த வழக்குக்கு ஓரளவு தீர்ப்பு 2018இல் வந்தது. பிள்ளைகள் பதினாறு வயதை எட்டியபோது சோதனை கணினி வழியாக நடத்தப்பட்டது. எந்தப் பிள்ளை எந்தக் கூட்டம் என்பது கணினிக்குத் தெரியாது. அதற்கு யாரிடமும் பரிவும் இல்லை. 13,557 பேரிடம் எடுத்த அளவில், மொழித்திறன் வேறுபாடு 1.4 புள்ளி. எல்லை 0.3 முதல் 2.5 வரை. நினைவாற்றல், கவனம் போன்ற மற்றத் திறன்களில் வேறுபாடு இல்லை. 7.5 என்பது 1.4 ஆகச் சுருங்கியது. இரண்டும் வெவ்வேறு சோதனைகள், வயதும் வேறு என்பதால் நேருக்கு நேர் கழித்துப் பார்ப்பது முறையன்று. ஆயினும் கருவி மேம்பட்டபோது விளைவு சிறுத்தது என்பது இயற்பியல் படித்தவர்களுக்குப் பழகிய கதை.

1.4 என்பதை அற்பம் என்று உதறிவிடவும் கூடாது. பயிற்சியால் உண்மையில் மாறிய தாய்மார் 100க்கு சுமார் 37 பேர்தான். விளைவு முழுவதும் அவர்கள் வழியாகவே வந்தது என்று வைத்துக்கொண்டால், அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கிடைத்தது 1.4 ஐ 0.37ஆல் வகுத்தால் வரும் 3.8 புள்ளி. இது கரடுமுரடான மதிப்பீடு என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால், பிரேசில் நாட்டின் பெலோட்டாஸ் நகரில் 1982இல் பிறந்தவர்களை முப்பது வயதில் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்விலும், ஓராண்டோ அதற்கு மேலோ தாய்ப்பால் குடித்தவர்களுக்கு 3.76 புள்ளி கூடுதல் என்று கண்டார்கள். இரண்டும் அருகருகே நிற்பது தற்செயலாகவும் இருக்கலாம். நுண்ணறிவைப் பொறுத்தவரை நம் தீர்ப்பு இதுதான்: சிறு பலன் இருக்கக்கூடும், தலைப்புச் செய்தி அளவுக்கு இல்லை.

அசையாத தட்டு

உடல் பருமனைப் பற்றிய கதை வேறு. பெலாரஸ் பிள்ளைகளை ஆறரை வயதிலும் பதினொன்றரை வயதிலும் நிறுத்தும் அளந்தும் பார்த்தார்கள். பயிற்சிக் கூட்டத்தினர் மெலிந்திருக்கவில்லை. இரத்த அழுத்தமும் குறையவில்லை. ஆறரை வயதில் ஆஸ்துமாவும் குறையவில்லை. பருமனைத் தராசிலும் இரத்த அழுத்தத்தைக் கருவியிலும் படிப்பதால் மருத்துவரின் பரிவுக்கு அங்கு இடம் குறைவு என்பதையும் கவனிக்க.

ஆனால் 2016இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்ட புகழ்பெற்ற தொகுப்பைப் பாருங்கள். நெடுநாள் தாய்ப்பால் குடித்தவர்களிடம் பருமன் வாய்ப்பு 26 விழுக்காடு குறைவு என்று அது கூட்டிச் சொல்கிறது. தரமான, பெரிய ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது அதுவே 13 ஆகக் குறைகிறது என்பதும் அதே கட்டுரையில்தான் உள்ளது. தரம் கூடக் கூடப் பலன் குறைந்து, சீட்டுக் குலுக்கிய சோதனையில் மறைந்தே போகிறது என்றால், அந்தப் பலன் பாலிலிருந்து வந்ததன்று என்று ஐயுறுவதே நியாயம்.

இதை மற்றொரு வழியிலும் சோதித்துள்ளனர். 2011இல் பிரியோன் முதலியோர் இங்கிலாந்தின் ஏவன் வட்டாரக் குழந்தைகளையும் பெலோட்டாஸ் குழந்தைகளையும் ஒப்பிட்டனர். ஏவனில் தாய்ப்பால் வசதியுள்ள வீடுகளின் வழக்கம். பெலோட்டாஸில் அத்தகைய தொடர்பு அவ்வளவாக இல்லை. தாய்ப்பாலுக்கும் மெலிந்த உடலுக்கும், தாய்ப்பாலுக்கும் குறைந்த இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு ஏவனில் தென்பட்டது; பெலோட்டாஸில் தென்படவில்லை. நுண்ணறிவுத் தொடர்பு மட்டும் இரண்டு ஊர்களிலும் இருந்தது. சூழலை மாற்றியவுடன் எது மறைகிறதோ அது சூழலுக்கு உரியது. எது நிலைக்கிறதோ அதுவே பொருளுக்கு உரியது. இப்பகுதியில் நான் படித்தவற்றுள் மிகச் சிக்கனமான, கூர்மையான வாதம் இதுதான்.

தாயின் பங்கு

தாய்க்குக் கிடைக்கும் பலன்களைச் சுவரொட்டிகள் கடைசி வரியில் வைப்பது வழக்கம். வியப்பு என்னவென்றால், நீண்டகாலப் பலன்களுள் நன்றாக நிறுக்கப்பட்ட ஒன்று அங்கேதான் இருக்கிறது. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளின் மூல விவரங்களைத் திரட்டி 2002இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கணக்கு வெளியாயிற்று. மார்பகப் புற்றுநோய் கண்ட 50,302 பெண்களும், நோயற்ற 96,973 பெண்களும் அதில் அடங்குவர். வாழ்நாளில் பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் நோய் வாய்ப்பு 4.3 விழுக்காடு குறைகிறது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் தனியாக 7.0 விழுக்காடு குறைகிறது. வளர்ந்த நாடுகளிலும் வளரும் நாடுகளிலும் இந்த வீதம் குறிப்பிடத்தக்கவாறு மாறவில்லை. ஏவன்-பெலோட்டாஸ் அளவுகோலை இங்கே பொருத்திப் பாருங்கள்: சூழல் மாறியும் பலன் நிலைக்கிறது. அளவு கூடக் கூடப் பலனும் படிப்படியாகக் கூடுகிறது.

ஆயினும் விழுக்காடு என்பது ஏமாற்றும் அளவை. வளர்ந்த நாடுகளில் 70 வயதுக்குள் 100 பெண்களில் 6.3 பேருக்கு இந்நோய் வரும் என்பது அக்கட்டுரை எடுத்துக்கொண்ட அளவு. ஆயிரம் பேருக்கு 63. அதில் 4.3 விழுக்காடு கழித்தால் 60. ஓராண்டு பால் கொடுத்ததால் ஆயிரத்தில் மூவர் தப்புகின்றனர். ஒரு நாட்டுக்கு இது பெரிய எண். ஒரு தனித் தாய்க்கு இது காப்பும் அன்று, கொடுக்காத தாய்க்குத் தண்டனையும் அன்று. பால் கொடுத்தும் நோய் கண்ட பெண், “எனக்கு ஏன்?” என்று கேட்கும் கேள்விக்குச் சுவரொட்டி எழுதியவர் விடை வைத்திருக்கவில்லை.

நீரிழிவைப் பற்றியும் கருதத்தக்க சான்று உண்டு. அமெரிக்காவில் 1985-86இல் தொடங்கிய ஒரு தொடர் ஆய்வில் 1,238 பெண்களை 30 ஆண்டு கவனித்தனர். மொத்தத்தில் ஓராண்டோ மேலோ பால் கொடுத்தவர்களிடம் நீரிழிவு வாய்ப்பு 47 விழுக்காடு குறைவு என்று 2018இல் எழுதினர். கருவுறுவதற்கு முன்பே இரத்தச் சர்க்கரை அளக்கப்பட்டிருந்தது இதன் சிறப்பு. சீட்டுக் குலுக்கிய சோதனை அன்று என்பது இதன் குறை. பெலாரஸ் தாய்மாரையோ பதினொன்றரை ஆண்டு கழித்துச் சோதித்தபோது, உடற்கொழுப்பிலும் இரத்த அழுத்தத்திலும் இரு கூட்டத்தாருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. பால் கொடுத்தால் உடல் இளைக்கும் என்ற பேச்சையும் இத்துடன் குறைத்துக்கொள்ளலாம்.

பெலாரஸ் சொல்லாதவை

இவ்வளவும் கூறியபின், இச்சோதனையை மறுமுனையிலிருந்து தவறாகப் படிப்பவர்களுக்கும் ஒரு சொல். “தாய்ப்பாலும் புட்டிப்பாலும் ஒன்றே என்று பெலாரஸ் காட்டிவிட்டது” என்று எழுதுகிறவர்கள் உண்டு. பெலாரஸ் அப்படி எதையும் காட்டவில்லை. அங்குச் சேர்க்கப்பட்ட எல்லாத் தாய்மாரும் பால் கொடுக்கத் தொடங்கியவர்கள். ஒப்பிடப்பட்டவை தாய்ப்பாலும் புட்டியும் அல்ல. மிகுதியாகக் கொடுத்ததும் குறைவாகக் கொடுத்ததும்தான். சேர்க்கப்பட்ட குழந்தைகள் நிறைமாதத்தில், இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் பிறந்தவை. குறைமாதக் குழந்தைகளைப் பற்றி அது பேசவே இல்லை. மேலும் அந்நாட்டில் தூய குடிநீரும் அருகில் மருத்துவமனையும் இருந்தன. கிணற்று நீரில் பால் பவுடரைக் கரைத்து, விலைக்கு அஞ்சி நீர்க்க ஊற்றும் வீட்டில் 13.2, 9.1 என்ற எண்கள் பொருந்தா. அங்கே வயிற்றுப்போக்கு உயிரைக் கொண்டுபோகும். 2016இன் ‘லான்செட்’ தொகுப்பு, தாய்ப்பால் முறையாகப் பரவினால் ஆண்டுக்கு 8,23,000 குழந்தைச் சாவுகளைத் தவிர்க்கலாம் என்று மதிப்பிட்டது பெரிதும் இத்தகைய நாடுகளைக் கருதியே. பருமனைப் பற்றிய வரியை அடித்துவிட்டால் இந்த வரி அழிந்துவிடாது. மாறாக, தேறாத வரிகளைத் தேறிய வரிகளோடு கலந்து அச்சிடுவதுதான், பால் பவுடர் விற்பவருக்கு “இவர்கள் சொல்வது எல்லாமே மிகை” என்று சொல்ல வாய்ப்பளிக்கிறது.

பெலாரஸ் அறிக்கைகளில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட எண் 43.3 என்பதுதான். அந்தத் தாய்மாருக்கு யாரும் குற்றவுணர்வு ஊட்டவில்லை. நுண்ணறிவைக் காட்டி அச்சுறுத்தவும் இல்லை. மருத்துவமனை ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், 6.4 என்பது 43.3 ஆயிற்று. அதே கூட்டத்தில் ஆறாம் மாதத்தில் தாய்ப்பாலை மட்டும் குடித்தவர்கள் 7.9 விழுக்காடுதான் என்பதையும் மறைக்க வேண்டாம். அத்தனைக்கும் அந்நாட்டுத் தாய்மாருக்குப் பேறுகால விடுப்பு மூன்றாண்டு. நம் நாட்டில் 2017இன் சட்டத் திருத்தம் 26 வார விடுப்பு அளித்தது. அது பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு உரியது. நாற்று நடப் போகும் பெண்ணுக்கும் வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கும் அந்தச் சம்பள விடுப்பு எட்டவில்லை.